வரியும் ஈகையும்: வறியார்க்கு உதவுவது எது?

நம் சங்கத்தின் கல்வி நிதிக்குப் பொருள் திரட்டப் புகும்போதெல்லாம் இரண்டு விடைகள் நம் செவியில் விழுகின்றன. "அரசாங்கத்திற்கு வரி கொடுத்தாயிற்று; ஏழைகளைக் காப்பது இனி அரசாங்கத்தின் கடன்; மீண்டும் எம்மிடம் கேட்பது ஏன்?" என்று ஒரு சாரார் கூறுகின்றனர். "வரியாகச் செல்லும் பொருள் எங்கே செல்கின்றது என்று யார் அறிவார்? அதனை எம் கையில் விட்டுவிட்டால் யாமே ஏழைகளைக் காப்போம்" என்று மற்றொரு சாரார் கூறுகின்றனர். இரு சாராரும் அறிவுடையோரே. இருவர் கூற்றிலும் ஓரளவு மெய்யுண்டு. ஆயினும் இஃது அவையில் வாதாடி முடிவு செய்தற்குரிய பொருளன்று. நம் நாட்டார் இவ்விரு வழிகளையும் கையாண்டு பார்த்திருக்கின்றனர். அவற்றின் பயன் இன்னதென்பது சரித்திரத்தில் பதிவாகியுள்ளது. அதனை ஒருமுறை நோக்கிய பின்னர் நம் கடனைத் துணிதலே முறையாகும்.

முன்னோர் கருத்து

முதற்கண் நம் நூல்கள் கூறுவதை நோக்குவாம். திருவள்ளுவனார் ஒப்புரவறிதலையும் ஈகையையும் அறத்துப்பாலில் இல்வாழ்வார்க்குரிய ஒழுக்கமாக வைத்தார். பொருளை ஈட்டுதலும் காத்தலும் வகுத்தலும் ஆகிய தொழிலைப் பொருட்பாலில் அரசனுக்குரியதாக வைத்தார். ஒன்றிருப்ப மற்றொன்று வேண்டாவென்று அவர் யாண்டும் கூறவில்லை. இன்னும் ஒன்று நோக்கத்தக்கது. ஈகையை அத்துணைப் போற்றிய அப்பெருமானே 'இரவச்சம்' என்று ஓர் அதிகாரமும் வகுத்தார். கொடுப்பது இன்பமாயினும், கேட்டு நிற்பது மானமுடையார்க்குச் சாதலினும் கொடிது என்பதை அவர் நன்குணர்ந்தவர். கொடுப்பவன் பக்கத்தில் மட்டும் நின்று தருமத்தை அளப்போர் இவ்வதிகாரத்தை மறத்தலாகாது.

வரி வாங்கும் முறை பற்றியும் நம்மவர் ஆழ்ந்து எண்ணியுள்ளனர். பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் கூறிய அறிவுரை புறநானூற்றில் உளது. சிறு நிலத்தில் விளைந்த நெல்லாயினும் அறுத்துக் கவளமாக்கி ஊட்டினால் யானைக்குப் பலநாளைக்கு உணவாகும். யானையே வயலிற் புகுந்தால் அது தின்பதினும் மிதித்து அழிப்பதே மிகும் என்பது அதன் கருத்து. வரி வேண்டாவென்று அப்புலவர் சொல்லவில்லை. அறிந்து கொள்ளவேண்டும் என்றே சொன்னார்.

மேலும், வரியையும் ஈகையையும் நாம் இன்று பிரிப்பதுபோல் முற்காலத்தார் பிரிக்கவில்லை. சோழர் பாண்டியர் காலத்துக் கல்வெட்டுக்களில் 'இறையிலி' என்னும் சொல் பயின்று வருகின்றது. கோயிலுக்கும் அறச்சாலைக்கும் விட்ட நிலத்துக்கு அரசன் வரியை நீக்கிக் கொடுத்தான். நிலம் கொடுத்தவன் ஒருவன். வரியை விட்டுக்கொடுத்தவன் அரசன். இருவர் கொடையும் கலந்தே அங்கு அன்னமாயிற்று. இந்நாளில் அறநிலையங்களுக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு வருமான வரியிற் கழிவு கொடுக்கும் ஏற்பாடும் அப்பழைய இறையிலியின் வழிவந்ததே என்னலாம்.

தாது வருஷத்துப் பஞ்சம்

ஈகையும் வரியும் ஒருங்கே சோதிக்கப்பட்ட காலம் ஒன்றுண்டு. அதுவே 1876-ஆம் ஆண்டு தொடங்கி 1878 வரை தென்னாட்டை வாட்டிய கொடும் பஞ்சம். தாது வருஷத்தில் தொடங்கியமையின் நம் பாட்டன்மார் அதனைத் 'தாது வருஷப் பஞ்சம்' என்றே வழங்கினர். 1876-ல் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஒருங்கே பொய்த்தன. பல்லாரி, கர்நூல், கடப்பை முதலிய ஜில்லாக்களும், சேலம், கோயம்புத்தூர் முதலிய தமிழ் ஜில்லாக்களும் பெருந்துயர் உற்றன. பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் மட்டும் ஐம்பது லட்சத்திற்கு மேற்பட்டோர் பசியாலும் பசிவழி வந்த நோயாலும் மடிந்தனர் என்பது சரித்திரக்காரர் கணக்கு.

அக்காலத்தே தனியார் ஈகைக்குக் குறைவில்லை. மாயூரம் வேதநாயகம் பிள்ளை அவர்கள் தம் செல்வத்தைப் பசித்தோர்க்கு வாரி வழங்கினார். மதுரையில் தாசி குலத்துப் பிறந்த குஞ்சரத்தம்மாள் என்னும் மாது, தன் நகைகளையும் வீடுகளையும் விற்றுப் பல மாதம் கஞ்சி வார்த்து, இறுதியில் தானே வறியளாய் மாய்ந்தாள் என்று அவ்வூரில் வாய்மொழியாக ஒரு செய்தி வழங்கி வருகின்றது. அப்பஞ்சத்திற்கு ஒன்பது ஆண்டு முன்னரே, 1867 மே மாதம் 23-ஆம் நாள், வடலூரில் இராமலிங்க அடிகளார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பில் தீ மூட்டினார். அவ்வடுப்பு இன்றளவும் அணையவில்லை. ஈகை நிலையாது என்பார்க்கு வடலூர் ஒரு மறுப்பாகும்.

ஆயினும் ஒன்று எண்ணிப் பார்க்க வேண்டும். வடலூரை நோக்கி நடக்க வலியுள்ளவன் பிழைத்தான். மதுரைத் தெருவிற் கிடந்தவன், அம்மாதின் பொருள் உள்ளவரை பிழைத்தான். பல்லாரியில் ஒரு குக்கிராமத்திற் கிடந்தவனுக்கு எந்த வள்ளல் இருந்தான்? பஞ்சத்தின் இயல்பே இதுதான். எங்கே வறுமை மிகுந்ததோ அங்கே கொடுப்பவனும் வறியவன் ஆகிவிடுகின்றான். மழை பொய்த்த ஊரில் செல்வன் வீட்டுக் குதிரும் வற்றிவிடும். ஆதலின் தூரத்து ஊர்ப் பொருளைப் பசித்த ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்கும் கை ஒன்று வேண்டும். அத்துணை நீண்ட கை அரசாங்கத்திற்கே உண்டு.

அரசாங்கம் அக்கையை நீட்டியதா? நீட்டியது, ஆயின் முழுதும் விரிக்கவில்லை. அக்காலத்துச் சென்னைக் கவர்னர் பக்கிங்காம் பிரபு. இந்திய வைசிராய் லிட்டன் பிரபு. 1877 ஜனவரி 1-ஆம் நாள் டில்லியில் விக்டோரியா இராணியைச் சக்கரவர்த்தினி என்று விளம்பரப்படுத்தும் தர்பார் பெருஞ்செலவில் நடந்தது. அம்மாதத்திலேயே பஞ்ச நிவாரணச் செலவைக் குறைக்கும்பொருட்டு ஸர் ரிச்சர்டு டெம்பிள் என்பவர் சென்னை இராஜதானிக்கு அனுப்பப்பட்டார். அவர் நிவாரண வேலை செய்யும் ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் ஓர் அணாவும் என்று கூலியைக் குறைத்தார். பெண்டிர்க்கும் பிள்ளைகளுக்கும் அதனினும் குறைவு. மண்சுமந்து கல்லுடைப்பவனுக்கு அது போதாது; குறைந்தது ஒன்றரை இராத்தல் தானியமும், பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று சென்னைச் சுகாதாரக் கமிஷனராகிய டாக்டர் கார்னிஷ் வாதாடினார். அவர் வாதத்தின் பயனாகச் சென்னை அரசாங்கம் பின்னர்ப் படியை ஒன்றேகால் இராத்தலாக உயர்த்திச் சிறிது பருப்பும் சேர்த்தது. இடையில் மாண்டவர் மாண்டனரே.

இதில் அறியத்தக்க ஓர் உண்மையுளது. இதே டெம்பிள்தான் 1873-74-ல் பீஹாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசி தருவித்துத் தாராளமாக வழங்கிப் பெரும்பாலும் உயிர்ச்சேதமின்றிக் காத்தவர். அவ்வாறு காத்ததற்காக, 'மிகையாகச் செலவு செய்தார்' என்று மேலோரால் பழிக்கப்பட்டார். அப்பழியைத் துடைக்கவே சென்னையில் இறுகப் பிடித்தார் என்பர். அலுவலர் ஒருவரே; பொருளும் வரிப்பொருளே; ஓரிடத்தில் உயிர் பிழைத்தது, ஓரிடத்தில் உயிர் போயிற்று. ஆதலின் வரிப்பொருள் இருப்பது மட்டும் போதாது. அதனை யாருக்காகச் செலவிடுவது என்னும் நோக்கமும் செம்மையாக வேண்டும் என்பது தெளிவாம்.

1877 ஆகஸ்டு மாதத்தில் சென்னையில் ஒரு பொதுக்கூட்டம் கூடி, இங்கிலாந்து மக்களிடம் நேரே உதவி வேண்டிற்று. இலண்டன் மாநகரத் தலைவர் அங்கு ஒரு நிதியைத் தொடங்கினார். 'மென்ஷன் ஹவுஸ் நிதி' என்பது அதன் பெயர். இந்நாட்டைக் கண்ணாலும் காணாதவர்கள், ஆலைத் தொழிலாளிகள் உட்பட, கொடுத்த பொருள் ஆறு லட்சம் பவுனுக்கு மேற்பட்டது. இத்தகைய பொது வேண்டுகோளை லிட்டன் பிரபு முதலில் விரும்பவில்லை. பின்னர் இசைந்தபோதும், அரசாங்கம் செய்யும் வேலையிற் குறுக்கிடாமல் வேறு துறைகளில் அப்பொருள் செலவாக வேண்டும் என்று வரையறை செய்யப்பட்டது. அந்நிதியின் கௌரவ காரியதரிசியாக இருந்தவர் 'மதராஸ் டைம்ஸ்' பத்திரிகையின் ஆசிரியர் வில்லியம் டிக்பி. அவர் 1878-ல் அப்பஞ்சத்தின் வரலாற்றை இரண்டு பாகமாக எழுதி வெளியிட்டார்.

அவ்வரையறையால் ஓர் அரிய பயன் விளைந்தது. அரசாங்கம் கொடுத்தது கூலியும் கஞ்சியும். அவை உயிரை உடலில் நிறுத்தின. மழை பெய்த பின்னர்க் குடியானவன் முகாமை விட்டு ஊருக்குத் திரும்பினான். ஆங்கே அவனுக்கு விதை இல்லை, ஏர்மாடு இறந்துவிட்டது, கூரையில்லை, மனைவிக்கு மாற்றுப்புடவையில்லை. அரசாங்கக் கணக்கில் அவன் பஞ்சம் தீர்ந்தவன். அவன் வீட்டிலோ பஞ்சம் தீரவில்லை. இந்த இடத்தில்தான் ஈகைப்பொருள் சென்று உதவிற்று. விதைக்கும் மாட்டுக்கும் வீடு வேய்வதற்கும் ஆடைக்கும் அந்நிதி கொடுக்கப்பட்டது. பஞ்சத்தினின்று உயிர்தப்பியவனை மீண்டும் குடியானவனாக்கியது ஈகை. ஆயின் அளவை நோக்கினால், ஈகைப்பொருள் ஏறத்தாழ எழுபது லட்சம் ரூபாய். அரசாங்கம் செலவிட்டதோ பல கோடி ரூபாய். ஒரு சமயத்தில் சென்னை இராஜதானியில் மட்டும் இருபது லட்சத்திற்கு மேற்பட்டோர் அரசாங்க நிவாரணத்தால் உயிர் வைத்திருந்தனர். அத்தொகையினரைத் தாங்கும் தோள் எவ்வள்ளலுக்கும் இல்லை.

வரி யாரிடம் வாங்கப்பட்டது?

இவ்வளவும் கேட்டு வரியே சிறந்தது என்று முடித்துவிடலாகாது. பஞ்சம் தணிந்ததும் லிட்டன் பிரபுவின் அரசாங்கம், எதிர்காலப் பஞ்சங்களுக்கென்று ஆண்டுதோறும் ஒன்றரைக் கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தது. அப்பொருட்டு 1878-ல் வணிகர், கைத்தொழிலாளர் மீது லைசென்ஸ் வரி விதித்தது. பெருஞ்சம்பளம் வாங்கும் உத்தியோகஸ்தர்க்கும் வக்கீல் முதலியோர்க்கும் அவ்வரியில்லை. அவர்கள்பால் மீண்டும் வருமான வரி வந்தது 1886-ல்தான். அதே காலத்தில் சென்னை இராஜதானியில் உப்பின் மீதிருந்த வரி, மணங்கு ஒன்றுக்கு ரூ. 1-13-0 என்பதிலிருந்து ரூ. 2-8-0 ஆக உயர்த்தப்பட்டது. பஞ்சத்தில் எஞ்சியவன் கஞ்சியில் இடும் உப்புக்கும் கூடுதல் வரி! ஆப்கானிய யுத்தம் வந்தபோது, பஞ்சத்துக்கென்று சொல்லிய அத்தொகையும் சொன்னபடி முழுதும் ஒதுக்கப்படவில்லை. அதனைக் குறித்து அந்நாளிற் பெருங்கண்டனம் எழுந்தது.

எனவே வரியால் ஏழைக்கு உதவி என்பார் இரண்டு கணக்குப் பார்க்க வேண்டும். ஏழைக்குக் கொடுத்தது எவ்வளவு என்பது ஒன்று. ஏழையிடமிருந்து வாங்கியது எவ்வளவு என்பது மற்றொன்று. இடக்கையால் உப்பிற் பறித்து வலக்கையாற் கஞ்சி வார்ப்பது உதவியாகாது. இஃது இந்நாளுக்கும் பொருந்தும். 2017 முதல் நடைமுறையில் உள்ள சரக்கு-சேவை வரியை, கடையிற் சோப்பு வாங்கும் கூலியாளும் கொடுத்தே வருகின்றான். 'யாமே வரி செலுத்துகின்றோம்; ஏழைகள் உண்கின்றனர்' என்று நம்மவர் சிலர் பேசுவது அறியாமையால் என்க. ஏழையும் வரி செலுத்துபவனே. அவன் பெறுவதில் அவன் கொடுத்ததும் அடங்கும்.

ஆயினும் அப்பஞ்சத்தின் பின் ஒரு நன்மை நிலைத்தது. 1880-ல் ஸர் ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி தலைமையிலிருந்த பஞ்சக் கமிஷன், பஞ்சகாலத்தில் மக்கள் உயிரைக் காப்பது அரசாங்கத்தின் கடமை என்று ஒப்புக்கொண்டு அறிக்கை எழுதிற்று. அதன்வழியே பஞ்ச நிவாரண விதிகள் தொகுக்கப்பட்டன. கவர்னரின் மனம் இரங்கினால் உண்டு, இல்லையேல் இல்லை என்றிருந்த நிலை மாறி, இன்ன குறி தோன்றினால் இன்னது செய்யவேண்டும் என்று கலெக்டரைக் கட்டுப்படுத்தும் எழுத்து உண்டாயிற்று. அவ்விதிகள் பின்னரும் குறையுடையனவாகவே இருந்தன. எனினும் இரக்கம் விதியானது ஒரு பெரிய மாறுதலேயாம்.

மகமை

வரிக்கும் ஈகைக்கும் இடையே மூன்றாவது ஒன்றும் நம் நாட்டில் உண்டு. அதுவே மகமை. விற்கும் மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று ஒரு குலத்தார் அல்லது ஒரு சந்தையார் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளும் சிறு தொகை அது. அரசன் ஆணையில்லை, ஆதலின் வரியன்று. அவரவர் விருப்பம்போல் விடுவதற்கும் இல்லை; ஆதலின் வெறும் ஈகையுமன்று. நகரத்தார் மகமையாற் கோயில்களும் பாடசாலைகளும் வளர்ந்தன. சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் நாடார் பெருமக்கள் மகமைப் பொருளால் முதலில் வண்டிப்பேட்டைகளையும், பின்னர்ப் பள்ளிகளையும் நிறுவினர். விருதுநகர் க்ஷத்திரிய வித்தியாசாலை 1889-ல் ஏற்பட்டது. மகமையோடு, வீடுதோறும் உலையிலிடும் அரிசியில் நாள்தோறும் ஒரு பிடி எடுத்து வைக்கும் பிடியரிசி வழக்கமும் அப்பள்ளிக்குத் துணை நின்றது. செல்வர் ஒருவர் கொடுத்த ஆயிரத்தினும் ஆயிரம் இல்லத்து மாதர் எடுத்துவைத்த பிடியரிசிக்கு உறுதி மிகுதி. ஒருவர் மனம் மாறினால் முன்னது நின்றுவிடும், பின்னது நில்லாது.

மகமையின் பெருமை கூறிய வாயால் அதன் எல்லையையும் கூறவேண்டும். வாணிகமுள்ள குலத்திற்கு மகமையுண்டு. விற்பதற்கு ஒரு மூட்டையுமில்லாத குலத்திற்கு மகமை ஏது? பிறர் நிலத்திற் கூலி வேலை செய்து, அன்றன்று அளந்த நெல்லை அன்றன்று குத்தி உண்டவர் எதிலிருந்து பிடியரிசி எடுப்பர்? தம்முள் தாம் உதவிக்கொள்ளும் முறை, தம்முள் செல்வர் உள்ளவர்க்கே உதவும். நம் சங்கம் நம் குழந்தைகளுக்கு உபகாரச் சம்பளம் கொடுக்கின்றது, மிகவும் நன்று. ஆனால் சங்கமே இல்லாத குலத்திற் பிறந்த குழந்தைக்கு யார் கொடுப்பது? தனியார் தருமம் எத்துணைத் தூயதாயினும் அறிமுகமான முகத்தையே முதலில் நாடும். அறிமுகமில்லாத முகத்திற்கும் சேர்வதற்கு வரியே வழி. மகமையாற் பெரிதும் பயன்பெற்ற நாம் இதனை ஒப்புக்கொள்ளுதல் நமக்கு இழிவன்று, பெருமையே.

பள்ளிக்கூடத்து அன்னம்

இவ்விரண்டும் ஒன்றையொன்று தழுவி வளர்ந்த ஓர் எடுத்துக்காட்டு நம் கண்முன் உளது. அதுவே பள்ளி மதிய உணவு.

1920-ல் சென்னை நகரசபை, ஸர் பிட்டி தியாகராய செட்டியார் தலைமையில், ஆயிரம்விளக்குப் பகுதியிலுள்ள தன் பள்ளியிற் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமற் செலவிடுவது என்று வரையறுத்தனர். பின்னர் வேறு சில பள்ளிகளுக்கும் அது பரவிற்று. ஆயின் தொடக்கக் கல்விக்குரிய நிதியை உணவுக்குச் செலவிடலாகாது என்று மேலரசாங்கம் தடுத்தமையின் 1925-ல் அது நின்றது. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதைப் பள்ளியில் நிற்கும் ஆசிரியன் அறிவான். கணக்கதிகாரியின் ஏட்டில் அதற்கு இடமில்லை. அரசாங்கத்தை மட்டும் நம்பினால், ஒரு கையெழுத்து இட்டதை மற்றொரு கையெழுத்து அழித்துவிடக்கூடும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

பிடியரிசியாலும் மகமையாலும் நடந்த அந்த விருதுநகர் வித்தியாசாலையில், 1903-ல் அவ்வூரிற் பிறந்த காமராஜ் என்னும் சிறுவர் சில ஆண்டுகள் கற்றார். தந்தை இறந்தமையாற் படிப்பு இடையில் நின்றது. அவரே 1954-ல் சென்னை இராஜ்யத்தின் முதலமைச்சரானார். அவர் காலத்தில், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் துணையோடு, 1956-ல் ஊரார் உதவியால் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கிற்று. ஒரு வீட்டார் அரிசி கொடுத்தனர். ஒருவர் காய்கறி கொடுத்தார். ஒருவர் விறகு கொடுத்தார். பிடியரிசி வழக்கமே நாட்டளவிற்கு விரிந்தது எனலாம். ஆயின் செழித்த ஊரில் அன்னம் நிறைந்தது; வறண்ட ஊரில் அடுப்பு அணைந்தது. உணவு மிகவும் வேண்டிய இடத்திலேதான் கொடுப்பார் குறைவு. தாது வருஷம் கற்பித்த பாடமே இங்கும் திரும்பி வந்தது. 1957-ல் அரசாங்கம் மானியம் கொடுக்க முன்வந்தது. ஒரு பிள்ளையின் ஒருவேளை உணவுக்குப் பத்து நயா பைசா என்று கணக்கிட்டு, அதில் ஆறு பைசாவை அரசாங்கமும் நான்கு பைசாவை ஊராரும் ஏற்றனர். வரி அறுபது பங்கு. ஈகை நாற்பது பங்கு.

பின்னர் நடந்தவை நாமறிந்தவை. 1982 ஜூலை 1-ஆம் நாள் முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் அவர்கள் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். ஊரார் பங்கை எதிர்பாராமல் அரசாங்கமே பெருஞ்செலவை ஏற்றது. இத்துணைச் செலவு தாங்குமா என்று ஐயுற்றோர் பலர், தாங்கிற்று. 2001-ல் இந்திய உச்ச நீதிமன்றம், அரசாங்கத் தொடக்கப்பள்ளிகளிலெல்லாம் சமைத்த உணவு கொடுக்கவேண்டும் என்று மாநிலங்களுக்கு ஆணையிட்டது. 2013-ல் நிறைவேறிய தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதனைக் குழந்தையின் உரிமையாக்கிற்று. 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் மதுரைச் சிம்மக்கல்லில் காலையுணவுத் திட்டமும் தொடங்கி, முதலில் 1,545 பள்ளிகளில் நடந்து, மறு ஆண்டில் மாநிலத்து அரசாங்கத் தொடக்கப்பள்ளிகளுக்கெல்லாம் பரவிற்று.

1920-ல் ஒரு நகரசபையின் இரக்கமாக இருந்தது 2013-ல் நாட்டின் சட்டமாயிற்று. இடையில் ஊராரின் பிடியரிசி இல்லையேல் அரசாங்கம் அசைந்திராது. அரசாங்கத்தின் வரி இல்லையேல் அப்பிடியரிசி ஒருசில ஊர்களோடு நின்றிருக்கும். யானும் பள்ளியாசிரியனாதலின் நாள்தோறும் காண்பது ஒன்றுண்டு. தட்டேந்தி வரிசையில் நிற்கும் குழந்தை எவரையும் நோக்கி 'ஐயா, பசிக்கின்றது' என்று சொல்வதில்லை. தன் பெயர் பதிவேட்டில் உளது. தன் பங்கு உலையில் உளது என்று நிமிர்ந்து நிற்கின்றது. திருவள்ளுவனார் அஞ்சிய இரவு அங்கு இல்லை. அக்குழந்தைக்கு அன்னத்தினும் பெரிய கொடை இதுவென்று கருதுகின்றேன்.

துணிபு

இனி நாம் துணிவது என்ன? நாள்தோறும் எல்லார்க்கும் இன்றியமையாதனவற்றை வரியே கொடுக்கவேண்டும். உணவு, கல்வி, மருத்துவம் முதலியன ஒருவர் மனவிரக்கத்தைப் பொறுத்து இருத்தலாகாது. வரியின் கண்ணுக்குப் படாத துயரைக் காண்பதும், வரி செல்லாத வழியில் முன்னே சென்று பார்ப்பதும், வரி வழுவும்போது கார்னிஷைப்போல் எடுத்துரைப்பதும் ஈகையாளர் கடன். ஈகை வழிகண்டு காட்ட, வரி அவ்வழியைச் சாலையாக்கும். சாலை அமைந்தபின் ஈகைக்கு வேலையில்லை என்பதன்று. அது செல்லவேண்டிய புதுவழி அடுத்தாற்போல் இருக்கவே இருக்கும்.

இத்துணிபின்படி நம் சங்கத்தார் செய்யத்தக்கனவாக மூன்று கூறி முடிப்பேன்.

முதலாவது, வரியை ஒளிக்காமற் செலுத்துவதும் தருமமே என்று நம் இளைஞர்க்குக் கற்பிக்க வேண்டும். பொய்க்கணக்கெழுதி வரியை மறைத்து, அதிற் சிறுபகுதியைக் கோயிலுக்கும் பள்ளிக்கும் கொடுத்துப் பெயர் பொறித்துக்கொள்பவன், ஏழையின் சோற்றிலிருந்து எடுத்து ஏழைக்கு விருந்திடுபவனே ஆவான்.

இரண்டாவது, நம் கல்வி நிதி அரசாங்கம் கொடுப்பதையே திரும்பக் கொடாமல், அது எட்டாத இடத்தில் உதவவேண்டும். கல்லூரியில் இடம் கிடைத்தும் விடுதிக்கு முன்பணம் கட்ட இயலாத மாணவி. அரசாங்க உபகாரச் சம்பளம் வந்துசேரும் வரையில் பேருந்துக்குக் காசில்லாத மாணவன். தந்தையை இழந்து படிப்பை விட எண்ணும் பிள்ளை. இவர்களை எந்தப் பதிவேடும் விரைந்து காணாது. ஊரில் உள்ள நம் கிளையினர் காண்பர். பஞ்சம் தீர்ந்தபின் விதையும் ஏர்மாடும் கொடுத்த அந்நிதியைப்போல நம் நிதியும் நடத்தல் வேண்டும். அதனுள் ஒரு பகுதியை, சிறிதாயினும், சங்கமில்லாத பிற குலத்துக் குழந்தைகட்கென்று ஒதுக்கவேண்டும் என்பது என் விண்ணப்பம். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனைப் பெரியோர் ஆராய்வாராக.

மூன்றாவது, உதவி பெறும் மாணாக்கரை மேடையேற்றிப் படமெடுத்துப் பத்திரிகையில் வெளியிடும் வழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும். கொடுத்தவர் பெயரைப் போடுவது பிறர்க்கு ஊக்கமாகலாம். பெற்றவர் முகத்தைப் போடுவதால் எவர்க்கும் ஊக்கமில்லை. சத்துணவுத் தட்டேந்தி நிமிர்ந்து நிற்கும் குழந்தைக்கு அரசாங்கம் கொடுத்த மானத்தை, அதே குழந்தை வளர்ந்து நம்மிடம் வரும்போது நாம் பறித்துக்கொள்ளலாமா?

சென்ற தலைமுறையினர் ஒரு பிடி அரிசியால் தொடங்கியதை இந்நாடு சட்டமாக்கிற்று. நம் கைப்பிடியில் இன்று இருப்பது எதுவோ, அதனை அறிந்து இடுவோமாக. அடுத்த தலைமுறை அதனையும் சட்டமாக்கும்.